எஃப்எஃப்டியா, டிசிடியா, ஹாரா? சிறு கருவிக்கு ஏற்ற உருமாற்றம் எது?

பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கத்திலும், மதுக்கரை முதல் கஞ்சிக்கோடு வரையும், வேலந்தாவளம் முதல் கொழிஞ்சாம்பாறை வரையும், சென்சார் பெட்டி செய்துபார்க்கும் மாணவர்களும் சிறு பட்டறைக்காரர்களும் உண்டு. ஒருவருக்கு வாளையார்க் காட்டோரம் யானையின் முனகலைக் கேட்க வேண்டும். இன்னொருவருக்குத் தென்னை மரத்துக்குள் சிவப்புக் கூன்வண்டின் புழு குடைவது தெரிய வேண்டும். வேறொருவர் தோப்பின் மண் ஈரத்தை நாளுக்கு ஒருமுறை லோரா (குறைந்த மின்சாரத்தில் தூரம் எட்டும் ரேடியோ) வழியாக அனுப்பப் பார்க்கிறார். பம்ப் மோட்டாரின் அதிர்வை அளப்பவரும் இருக்கிறார். எல்லாரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: எஃப்எஃப்டி போடுவதா, டிசிடியா, வால்ஷ்–ஹடமார்டா, ஹார் வேவ்லெட்டா? இவை உருமாற்றங்கள்: சென்சார் தரும் மாதிரி எண்களின் வரிசையை, குறிப்பிட்ட அலை வடிவம் ஒவ்வொன்றும் அதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும் எண்களாக, அதாவது கெழுக்களாக, மாற்றும் கணக்குகள். எஃப்எஃப்டி வேக ஃபூரியே உருமாற்றம், டிசிடி கொசைன் உருமாற்றம், வேவ்லெட் என்பது சிற்றலை. கூடவே வரும் கேள்வி: எது வேகம்?

வேகத்திலிருந்து தொடங்கினால் தேர்வு தவறிப்போகும். இந்த நான்கும் இன்றைய மலிவான போர்டில் தேவைக்கு மேல் வேகமாக ஓடும். நீங்கள் பிடிக்க நினைக்கும் சிக்னல் எந்த உருமாற்றத்தில் நான்கைந்து எண்ணுக்குள் அடங்குகிறது என்பதுதான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

## செங்குத்து அணி எதைத் தரும், எதைத் தராது

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் படித்ததுதான். ஓர் அணியை அதன் நிரை நிரல் மாற்று அணியோடு பெருக்கினால் அலகு அணி வந்தால் அது செங்குத்து அணி. நேர்மாறு காணத் தனியாக உழைக்க வேண்டியதில்லை. நிரைகளை நிரல்களாகத் திருப்பி வைத்தால் போதும். கலப்பெண் கொண்ட ஃபூரியே அணிக்கு இணை எண்ணும் சேர்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு.

கருவி செய்பவருக்கு இதிலிருந்து இரண்டு நன்மை. முதலாவது, சிக்னலின் மொத்த ஆற்றல், அதாவது மாதிரிகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை, கெழுக்களின் வர்க்கக் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கும். எனவே சில கெழுக்களைத் தூக்கி எறிந்தால், திரும்பக் கட்டிய சிக்னலில் எவ்வளவு பிழை வரும் என்பது எறிந்த கெழுக்களின் வர்க்கக் கூட்டுத்தொகையே. திரும்பக் கட்டிப் பார்க்காமலே பெட்டி தன் பிழையைத் தானே அறிந்துகொள்ளும். இரண்டாவது, உருமாற்றம் பிழையைப் பெரிதாக்காது. கெழுக்களை முழு எண்ணாக்கும்போது நுழையும் இரைச்சல், திரும்பும்போதும் அதே அளவில்தான் இருக்கும்.

இந்த இரண்டும் எல்லாச் செங்குத்து அணிக்கும் பொது. ஆகவே ‘எது துல்லியம்’ என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. சும்மா ஒரு செங்குத்து அணியை எடுத்துப் பெருக்கினால் 1024 மாதிரிக்கு 1024 × 1024, அதாவது 10,48,576 பெருக்கல் ஆகும். நம் நான்கு வேட்பாளர்களும் மதிப்புப் பெற்றதற்குக் காரணம், அந்த நிறைந்த அணியைப் பெரும்பாலும் பூஜ்ஜியங்களாலான சில அணிகளின் பெருக்கமாகப் பிரிக்க முடியும் என்பதே. ஃபூரியே அணியின் 1024 வடிவத்தை 10 படிகளாக உடைக்கலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு நிரைக்கு இரண்டே இரண்டு எண். கூலியும் டூக்கியும் 1965-ல் வெளியிட்டது இந்தப் பிரிப்பைத்தான். காஸ் 1805 வாக்கிலேயே இதைக் கண்டு எழுதி வைத்திருந்தார்.

## எதை வைத்து ஒப்பிடுவது

குவிப்பு. உங்கள் சிக்னலின் ஆற்றல் எத்தனை கெழுவில் அடங்குகிறது. முதலிடம் இதற்கே.

ஓரம். மாதிரித் தொகுதியின் முதலும் முடிவும் பொருந்தாதபோது என்ன ஆகிறது.

இடப்பெயர்ச்சி. அதே சத்தம் சில மாதிரி தள்ளி வந்தால் கெழுக்கள் அப்படியே இருக்குமா, கலைந்துபோகுமா.

நினைவகமும் பிட்டும். கலப்பெண் இரட்டிப்பு இடம் கேட்கும். கூட்டலாகவே போகும் உருமாற்றத்தில் எண்கள் வளர்ந்துகொண்டே போகும்.

அளவுச் சீர். நூலகம் (நீங்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) தருவது உண்மையிலேயே செங்குத்து அணியா, அல்லது நிரைகளின் நீளம் 1 ஆக்கப்படாத அணியா. மறைமுகச் செலவில் பாதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

செயல்களின் எண்ணிக்கையைக் கடைசியில் பார்க்கலாம்.

## எட்டு எண்ணில் ஒரு சோதனை

கணினி இல்லாமல் தாளிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. மூன்று சிக்னல். ஒன்று சீராக ஏறுவது: 1, 2, 3, 4, 5, 6, 7, 8. இரண்டாவது நடுவில் படி: 0, 0, 0, 0, 1, 1, 1, 1. மூன்றாவது அதே படி ஓரிடம் தள்ளி: 0, 0, 0, 0, 0, 1, 1, 1. சராசரியைக் குறிக்கும் முதல் கெழுவை விட்டுவிட்டு, மிச்ச ஆற்றலில் மிகப் பெரிய கெழு எத்தனை விழுக்காட்டைப் பிடிக்கிறது என்று பார்க்கிறோம். ஃபூரியேயில் மட்டும் இணைக் கெழு இரண்டையும் சேர்த்திருக்கிறது.

| உருமாற்றம் | சீரான ஏற்றம் | நடுவில் படி | தள்ளிய படி |
|---|---|---|---|
| ஃபூரியே (எஃப்எஃப்டி) | 65.0 | 85.4 | 77.7 |
| டிசிடி | 98.8 | 82.1 | 74.8 |
| வால்ஷ்–ஹடமார்ட் | 76.2 | 100 | 60.0 |
| ஹார் | 76.2 | 100 | 60.0 |

சீரான ஏற்றத்தில் டிசிடிக்கும் ஃபூரியேக்கும் இடையிலுள்ள பள்ளத்தைப் பாருங்கள். ஃபூரியே இந்த எட்டு எண்ணும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வருவதாக எடுத்துக்கொள்கிறது. 8-க்கு அடுத்து 1. அந்தத் திடீர் வீழ்ச்சி உங்கள் தோப்பில் நடக்கவே இல்லை, ஆனால் கெழுக்களில் அது பரவிக் கிடக்கும். டிசிடி அதே வரிசையைக் கண்ணாடியில் போல் திருப்பி ஒட்டுகிறது. 8-க்கு அடுத்து 8, 7, 6. வீழ்ச்சி இல்லை.

மூன்றாம் சிக்னலில் வால்ஷும் ஹாரும் ஒரே 60 காட்டினாலும் இரண்டும் ஒன்றல்ல. வால்ஷில் மிச்சம் 40 விழுக்காடு ஆறு கெழுக்களில் சமமாகச் சிதறுகிறது. ஹாரில் இரண்டே கெழுவில் முடிந்துவிடுகிறது. சராசரி போக மூன்று கெழு மட்டும் வைத்துக்கொண்டால் ஹார் 100 விழுக்காட்டையும், டிசிடி 92.8-ஐயும், வால்ஷ் 73.3-ஐயும் காப்பாற்றும். திடீரென மாறும் சிக்னலுக்கு ஹாரைச் சொல்வதன் காரணம் இந்தக் கணக்கு.

## எஃப்எஃப்டி

தொடர்ந்து ஒலிக்கும் சுருதியைப் பிடிக்க இதைவிட நல்லது இல்லை. சத்தம் சற்று முன்னோ பின்னோ வந்தாலும் கெழுவின் பருமன் ஏறத்தாழ மாறாது. ஃபேஸ், அதாவது அலை எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்று காட்டும் கோணம், மட்டும் சுழலும். வேறு எந்த வேட்பாளருக்கும் இந்தப் பண்பு இல்லை. யானைக்கும் மோட்டாருக்கும் தேவை இதுதான்.

ஆசிய யானையின் தாழ்சுருதி முனகல் 14 முதல் 24 ஹெர்ட்ஸில், 10 முதல் 15 விநாடி வரை நீள்வதை 1986-ல் கேட்டி பேனும் உடன் ஆய்ந்தவர்களும் பதிவு செய்தார்கள். இதற்குப் பலர் செய்யும் தவறு, 8000 ஹெர்ட்ஸில் மாதிரி எடுத்து 1024 புள்ளி போடுவது. அப்போது ஒரு கட்டத்தின் (ஒரு கெழு காட்டும் அதிர்வெண் பட்டையின்) அகலம் 7.8 ஹெர்ட்ஸ், யானை முழுவதும் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் நசுங்கிவிடும். முதலில் வடிகட்டி, 250 ஹெர்ட்ஸுக்குக் குறைத்து, 256 புள்ளி போடுங்கள். ஒரு கட்டம் 0.98 ஹெர்ட்ஸ், ஒரு சட்டகம் (ஒருமுறை உருமாற்றும் மாதிரித் தொகுதி) 1.02 விநாடி. முனகல் பத்துப் பன்னிரண்டு சட்டகம் தொடரும். காட்டோரச் சாலையில் லாரி கடந்து போவதிலிருந்து அதைப் பிரித்தறிய அந்தத் தொடர்ச்சி உதவும்.

கட்டங்கள் சிலவே போதும் என்பவர்களுக்கு, வேண்டிய கட்டத்தை மட்டும் தனியாகக் கணக்கிடும் கோயர்ட்ஸெல் முறை பரிந்துரைக்கப்படுவது உண்டு. 14 முதல் 24 வரை 11 கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 256 பெருக்கல், மொத்தம் 2,800. மெய்யெண் உள்ளீட்டுக்கான 256 புள்ளி எஃப்எஃப்டியும் அதே சுற்றில், 2,300 பெருக்கலில் முடிந்து எல்லாக் கட்டத்தையும் தரும். எட்டொன்பது கட்டத்துக்கு மேல் வேண்டுமென்றால் கோயர்ட்ஸெல் வீண்.

மறைமுகச் செலவுகளை இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சாளரம் (சட்டகத்தின் இரு ஓரத்தையும் மெல்லத் தாழ்த்தும் பெருக்கல்) போடாமல் விட்டால், இரண்டு கட்டத்துக்கு நடுவில் விழும் சுருதி 3.9 டெசிபல் வரை குறைந்து தெரியும், பக்கத்துக் கட்டங்களிலும் ஒழுகும். ஹான் சாளரம் அந்தக் குறைவை 1.4 டெசிபலாக்கும். ஆனால் சாளரம் போட்ட அந்தக் கணமே ஆற்றல் சமன்பாடு போய்விடும். இரைச்சலின் திறன் 0.375 மடங்காகும். சட்டகங்களைப் பாதிக்குப் பாதி மேல்பொருத்தி ஓட்டினால் ஓரத்தில் இழந்தது பெரும்பாலும் திரும்பும், வேலை இரட்டிப்பாகும்.

பெரும்பாலான நூலகங்கள் முன்னோக்கிப் போகும்போது எதையும் வகுப்பதில்லை. நீளத்தை 256-லிருந்து 1024 ஆக்கினால் சுருதியின் கெழு 4 மடங்கும் இரைச்சலின் கெழு 2 மடங்கும் உயரும். பழைய எச்சரிக்கை வரம்பை அப்படியே விட்டவர்களின் கருவி இரவெல்லாம் அலறும்.

16 பிட் நிலைப்புள்ளியில் (புள்ளியின் இடம் மாறாத எண்களில்) ஓட்டுபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். பெருகி வழியாமலிருக்க ஒவ்வொரு படியிலும் பாதியாகக் குறைப்பார்கள். 1024 புள்ளியில் 10 முறை. பக்கத்து மோட்டாரின் சத்தம் அதைத் தாங்கும். அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் யானையின் இரண்டு மூன்று அலகு வீச்சு கடைசி பிட்டில் கரைந்துபோகும். மிதவைப் புள்ளிக்கு வன்பொருள் உள்ள சிப் கிடைக்குமானால் இந்த வேலைக்கு 16 பிட்டைத் தொடவே வேண்டாம்.

நினைவகம்: ஆர்டுயினோ ஊனோவில் மொத்தம் 2 கிலோபைட். 256 கலப்பெண்களை 32 பிட் மிதவையில் வைத்தால் 2048 பைட். அதாவது முழுவதும் போயிற்று, ஸ்டாக்குக்கு ஒரு பைட் இல்லை. இஎஸ்பி32 போர்டில் இந்தக் கவலை வராது. சிப் வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்தின் சிஎம்எஸ்ஐஎஸ் டிஎஸ்பி நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள் இரண்டு செய்தியை மறக்கக் கூடாது: அதன் மெய்யெண் வேகச் செயலி உள்ளீட்டு வரிசையை அழித்து எழுதிவிடும், வெளியீட்டின் முதல் இரு இடங்களில் பூஜ்ய அதிர்வெண்ணும் உச்ச அதிர்வெண்ணும் சேர்த்து அடைக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டை ஒரு கலப்பெண்ணாக வாசித்துவிட்டு ‘முதல் கட்டம் மட்டும் தப்பாக வருகிறது’ என்று தேடுபவர்கள் நிறைய.

கணவாய்க்கே உரிய சிக்கல் காற்று. ஆடி மாதத்தில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே மைக் கேட்பதெல்லாம் காற்றுதான். பஞ்சு உறை அந்த அதிர்வெண்ணில் அதிகம் உதவாது. இரண்டு மைக்கைச் சில மீட்டர் தள்ளி வையுங்கள். 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 மீட்டர். யானை இரண்டிலும் ஒரே மாதிரி கேட்கும், காற்றின் சுழிப்பு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இருக்கும். இரண்டின் ஒத்திசைவைக் கணக்கிட ஃபேஸ் வேண்டும். ஃபேஸைத் தருவது இந்த நான்கில் எஃப்எஃப்டி ஒன்றே. எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையே ரயில் தடம் காட்டுக்குள் போகிறது. மதுக்கரைப் பகுதியில் 2024 முதல் வனத்துறையின் கேமராக் கோபுரங்கள் பார்க்கின்றன. பார்வை எட்டாத புதருக்குப் பின்னால் கேட்கும் காது ஒன்று கூடுதலாக இருப்பது உயிரைக் காக்கும் வேலை. அதில் மலிவுக்காக உருமாற்றத்தைக் குறைக்காதீர்கள்.

மோட்டாருக்கும் இதே விடைதான். இருமுனைத் தூண்டல் மோட்டார் ஏறத்தாழ 2900 சுற்றில் ஓடினால் சுழற்சி 48.3 ஹெர்ட்ஸ், கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதற்கு 1.7 ஹெர்ட்ஸ் பக்கத்தில். இரண்டையும் பிரிக்க 2048 ஹெர்ட்ஸில் 4096 மாதிரி, இரண்டு விநாடி, எடுங்கள். ஒரு கட்டம் 0.5 ஹெர்ட்ஸாகி, நடுவே மூன்று கட்டத்துக்கு மேல் இடைவெளி கிடைக்கும்.

## டிசிடி

அகமது, நடராஜன், ராவ் மூவரும் 1974 ஜனவரியில் வெளியிட்டது. மூவரில் நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். பக்கத்துப் பக்கத்து மாதிரிகள் நெருங்கிய தொடர்புடைய சிக்னலுக்கு, கொள்கையளவில் மிகச் சிறந்த உருமாற்றத்தை டிசிடி கிட்டத்தட்ட எட்டிவிடும் என்பதுதான் அவர்கள் காட்டியது. இன்று உங்கள் கைப்பேசியில் இருக்கும் ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 8 × 8 டிசிடியில்தான் அடைபட்டிருக்கிறது.

மண் ஈரம், வெப்பம், கிணற்று நீர்மட்டம் போல மெல்ல மாறுவதை அனுப்ப இது பொருந்தும். ஒரு கணக்கு: கால் மணிக்கு ஒன்று வீதம் நாளுக்கு 96 அளவீடு, 2 பைட் வீதம் 192 பைட். லோராவுக்கான வலையமைப்பு நெறியான லோராவானின் இந்திய அலைவரிசையில், 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸில், தூரம் எட்டும் மிக மெதுவான வேகத்தில் ஒரு பொட்டலத்துக்கு 51 பைட்தான். 96 புள்ளி டிசிடி போட்டு முதல் 25 கெழுவை மட்டும் வைத்தால் 50 பைட். எந்தக் கெழு என்ற முகவரியும் அனுப்ப வேண்டாம். முதல் 25 என்பது இரு பக்கமும் தெரிந்ததே. மேலே சொன்னபடி, எறிந்த 71 கெழுவின் வர்க்கத்தைக் கூட்டிப் பெட்டியே பிழையை அறிந்து, வரம்பு மீறினால் இரண்டாவது பொட்டலம் அனுப்பலாம்.

இதிலும் குழி உண்டு. 12 பிட் அளவீடு 4095 வரை போகும். சீர்செய்த டிசிடியின் முதல் கெழு சராசரியை 96-இன் வர்க்கமூலத்தால் பெருக்கியது. உச்சத்தில் 40,000-ஐத் தாண்டும். குறியுள்ள 16 பிட் 32,767-இல் நின்றுவிடும். நல்ல மழை பெய்து மண் நிறைந்த நாளில் மட்டும் எதிர்மறை ஈரம் வந்தால் காரணம் இதுதான். முன்கூட்டியே 2048-ஐக் கழித்துவிடுங்கள்.

பைதானின் சைபை நூலகம் சும்மா கேட்டால் சீர்செய்யாத டிசிடியைத் தரும். ஆர்த்தோ என்று கேட்டால்தான் செங்குத்து அணி. பெட்டியில் ஒரு வடிவம், சர்வரில் இன்னொரு வடிவம் என்று வைத்துவிட்டு, வளைவின் உருவம் சரியாகவும் உயரம் மட்டும் தவறாகவும் வருவதைக் கண்டு சென்சாரைச் சந்தேகிப்பார்கள்.

வேகத்துக்காக வடிவத்தை வளைப்பதும் உண்டு. 8 புள்ளி டிசிடியை நேராகப் போட்டால் 64 பெருக்கல். லோஃப்லரின் 1989 முறையில் 11. அராய், அகுய், நகஜிமா 1988-ல் தந்த முறையில் 5 மட்டுமே, மிச்சமுள்ள அளவுச் சீரை அடுத்து வரும் வகுத்தல் அட்டவணைக்குள் தள்ளிவிடுவார்கள். எச்.264 வீடியோவின் 4 × 4 முழு எண் அணியும் இப்படியே: நிரைகள் ஒன்றுக்கொன்று செங்குத்து, ஆனால் அவற்றின் நீள வர்க்கம் 4, 10, 4, 10. இப்படிப்பட்ட அணியை எடுத்து, வகுத்தல் அட்டவணையை விட்டுவிட்டுக் கெழுக்களை ஒப்பிட்டால் ஆற்றல் கணக்கு பொய் சொல்லும்.

சுருதியைக் கண்டுபிடிக்க டிசிடியைப் போடாதீர்கள். ஃபேஸ் தகவல் இல்லாததால், ஒரே சீரான ஒலிக்கும் கெழு ஒரு சட்டகத்தில் பெரிதாகவும் அடுத்ததில் பூஜ்யத்தை ஒட்டியும் வரும்.

## வால்ஷ்–ஹடமார்ட்

அணியில் +1, −1 தவிர எதுவும் இல்லை. 1024 புள்ளிக்கு 10,240 கூட்டல் கழித்தல், ஒரு பெருக்கல்கூட இல்லை. 1971-ல் செவ்வாயைச் சுற்றிய மாரினர் 9 அனுப்பிய படங்களின் 32 பிட் குறியீடுகளைத் தரையில் பிரித்தது இந்த வேக முறைதான்.

ஆனால் இன்றைய சிப்பில் பெருக்கலும் கூட்டலைப் போல ஒரே சுழற்சியில் முடிகிறது; பெருக்கலைத் தவிர்ப்பதில் முன்பிருந்த இலாபம் இல்லை. படிக்குப் படி எண்கள் ஒரு பிட் வளரும்: 12 பிட் உள்ளீடு 10 படிக்குப் பிறகு 22 பிட். எனவே 16 பிட்டில் அடக்கலாம் என்ற நினைப்பும் பொய்யாகும். வரிசையிலும் குழப்பம், வேக முறை தரும் இயல்பு வரிசையில் கெழுக்கள் ஏற்ற இறக்கம் குறைந்ததிலிருந்து கூடியதாக இராது. ‘முதல் 20’ என்று வெட்டினால் வேண்டாதது தங்கி வேண்டியது போகும். குறிமாற்ற எண்ணிக்கைப்படி அடுக்கிய பிறகே வெட்ட வேண்டும்.

இயற்கைச் சிக்னலைக் குவிக்க இதைத் தேர்வதற்குக் காரணம் எங்களுக்குத் தெரிந்து இல்லை. பரப்புவதே தேவையானால் இது முதல் தரம்: சிடிஎம்ஏ கைப்பேசிக் குறியீடுகள், பல ஒளிக்கற்றையை ஒரே உணரியில் கலந்து அளக்கும் கருவிகள், அண்மையில் செயற்கை நுண்ணறிவு மொழி மாடல்களை 4 பிட்டுக்குச் சுருக்குமுன் துருத்தி நிற்கும் எண்களைச் சமப்படுத்துவது.

## ஹாரும் மற்ற வேவ்லெட்டுகளும்

தென்னந்தோப்பில் அனுபவசாலிகள் மரத்தில் காதை வைத்துக் கேட்பார்கள். உள்ளே புழு நாரை மெல்லும்போது வருவது தொடர் ஒலி அல்ல. சில மில்லிவிநாடி நீளமுள்ள சிறு நொறுக்கல்கள், இடைவிட்டு. 16,000 ஹெர்ட்ஸில் 1024 புள்ளி எஃப்எஃப்டி என்றால் சட்டகம் 64 மில்லிவிநாடி. 3 மில்லிவிநாடி நொறுக்கல் அதில் இருபதில் ஒரு பங்கு. மிச்ச நேரத்தின் இரைச்சல் அதை மூழ்கடிக்கும். சட்டகத்தைச் சுருக்கலாம், அப்போது அதிர்வெண் பிரிப்பு போகும். வேவ்லெட் இந்த இழுபறியை அதிர்வெண்ணுக்கேற்ப மாற்றி அமைக்கிறது: உயர்ந்த பட்டையில் நேரம் கூர்மை, தாழ்ந்த பட்டையில் அதிர்வெண் கூர்மை.

கணிதவியலாளர் ஹார் 1909-ல் தொடங்கியது இது. பக்கத்து இரண்டைக் கூட்டு, கழி. கூட்டியதை மறுபடி அப்படியே. 1024-க்கு 2,046 செயல், எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் ஹாரின் பட்டைகள் ஒன்றோடொன்று வெகுவாகக் கலந்திருக்கும்; காற்றில் ஓலை உரசுவதும் புழுவும் ஒரே பட்டையில் விழும். புழுவின் ஒலிக்கு, கணிதவியலாளர் டோபெஷி 1988-ல் தந்த வேவ்லெட் குடும்பத்தில் 8 கெழு வடிகட்டியை எடுங்கள். சொட்டுநீர்த் தோப்பின் மண் ஈரத்துக்கு ஹாரே போதும்.

அங்கே ஏன் டிசிடி அல்ல, ஹார் என்றால், சொட்டுநீர் திறந்த தோப்பில் ஈரம் மெல்ல ஏறாது, படியாகத் தாவும். அந்தத் தாவலுக்கு இரு பக்கமும் டிசிடி அலையடித்துக் காட்டும். இல்லாத ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வால்வு கசிகிறது என்று ஆள் அனுப்புவார்கள். ஹார் தாவலைத் தாவலாகவே தரும். 96-ஐ ஐந்து முறை பாதியாக்கலாம்: 3 சராசரி, 93 வேறுபாடு. ஆனால் எவை பெரியவை என்பது நாளுக்கு நாள் மாறும், ஆகவே முகவரியும் போக வேண்டும். 96 பிட் வரைபடம் 12 பைட். மிச்சம் 39 பைட்டில் 19 கெழு. டிசிடியின் 25-க்கு எதிரே 19. மழையை நம்பிய மேட்டு நிலத்துக்கு டிசிடி, சொட்டுநீர்த் தோப்புக்கு ஹார் என்று பிரிப்பதே எங்கள் தீர்ப்பு.

வேவ்லெட்டின் பெரிய குறை இடப்பெயர்ச்சி. எட்டு எண் சோதனையில் ஓரிடம் தள்ளியதற்கே 100 விழுக்காடு 60 ஆனதைப் பார்த்தோம். சுருக்கி அனுப்ப இது பரவாயில்லை. கண்டறிய இது ஆபத்து. அதே நொறுக்கல் ஒற்றைப்படை மாதிரியில் தொடங்கினால் ஒரு மதிப்பு, இரட்டைப்படையில் வேறு மதிப்பு. புழுவுக்குப் பாதியாக்காமல் எல்லா மாதிரியையும் வைத்துக்கொள்ளும் வடிவத்தைப் போடுங்கள். செலவு ஒவ்வொரு மட்டத்துக்கும் முழு நீளம். நான்கு மட்டம் போதும், இஎஸ்பி32 தாங்கும். அந்த வடிவம் செங்குத்து அணி அல்ல என்பதால் ஆற்றலை அப்படியே கூட்டி ஒப்பிட முடியாது; ஒவ்வொரு பட்டையின் இரைச்சலோடு அந்தந்தப் பட்டையை ஒப்பிடுங்கள்.

ஜேபெக் 2000-இன் 5/3, 9/7 வேவ்லெட்டுகளும் செங்குத்து அல்ல. சமச்சீரான வடிகட்டிக்காகச் செங்குத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த வடிவங்கள் அவை.

## கேஎல்டி: ஒரே ஓர் இடத்தில்

தரவின் கூட்டு மாறுபாட்டு அணியிலிருந்தே ஐகன் வெக்டர்களை (அணியின் முதன்மைத் திசைகளை) எடுத்துச் செய்வது கேஎல்டி, அதாவது கார்ஹுனென்–லோவே உருமாற்றம். குவிப்பில் இதை வெல்ல எதுவும் இல்லை. வேக வழியும் இல்லை. அணியையே சேர்த்து அனுப்ப வேண்டும். பருவம் மாறினால் அணியும் மாறும். 1024 புள்ளிக்கு நினைக்கவே வேண்டாம்.

ஆனால் மரத்தில் கட்டும் மூன்றச்சு முடுக்கமானிக்கு 3 × 3 கேஎல்டி அருமையாகப் பொருந்தும். கட்டுபவர் எந்தக் கோணத்தில் கட்டினாரோ தெரியாது. ஒரு நேர மாதிரிக்கு 9 பெருக்கலில் அதிர்வின் முதன்மைத் திசை முதல் வரிசைக்கு வந்துவிடும். அதன் மேல் வேவ்லெட் போடலாம். ஐகன் வெக்டரின் குறி நாளுக்கு நாள் புரளும் என்பதால், மிகப் பெரிய உறுப்பு எப்போதும் நேர்மறையாக இருக்குமாறு ஒரு விதி வையுங்கள்.

## சாலிடர் வைக்குமுன்

இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள்: வேண்டிய சத்தம் உள்ளபோது ஒன்று, இல்லாதபோது ஒன்று. மடிக்கணினியில் வேட்பாளர்களை அதே நீளத்தில் ஓட்டி, மிகப் பெரிய 10 கெழு எத்தனை விழுக்காடு ஆற்றலைப் பிடிக்கிறது என்று எழுதுங்கள். பிறகு பதிவை 1, 3, 7 மாதிரி தள்ளி மறுபடி ஓட்டுங்கள்; எண் ஆடும் அளவுதான் இடப்பெயர்ச்சிச் செலவு. இரண்டு பதிவுக்கும் இடையே வித்தியாசம் எதில் பெரிதோ அது தேர்வு.

சிப்பில் ஏற்றியதும் ஒரே ஒரு சோதனை: உள்ளீட்டில் ஓரிடத்தில் மட்டும் 1000, மற்றதெல்லாம் பூஜ்யம். சீர்செய்த செங்குத்து உருமாற்றமானால் கெழுக்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 10,00,000 வர வேண்டும். 1024 மடங்கு வந்தால் நூலகம் வகுக்கவில்லை. இடத்தை மாற்றினால் தொகையும் மாறினால், சில நிரைகளின் நீளம் 1 ஆக்கப்படவில்லை. டிசிடியில் முதல் நிரை மட்டும் அப்படியிருந்தால் இடமாற்றம் அதைக் காட்டாது. கணிசமாகக் குறைந்து வந்தால் நிலைப்புள்ளி வெட்டியிருக்கிறது, அல்லது யாரோ சாளரத்தை எடுக்க மறந்திருக்கிறார்கள்.